எந்த மேசையில் உட்காரப்போகிறீர்கள்?

டுரியான் துங்கால் வட்டாரத்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதி முடிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



நான் இந்த ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளைகள் புரோம் என்னும் பிரியாவிடை விருந்துக்காக என்னிடம் வருவது இப்போது ஆண்டுதோறும் நடப்பதாகிவிட்டது. சேலை கட்டிவிடவும் ஊசி குத்திவிடவும் மண்டபம் வரைக்கும் கூடப் போயிருக்கிறேன். எல்லாரும் என்னிடம் கேட்பது உடையைப் பற்றித்தான். கேட்கத் தயங்கி முகத்திலேயே வைத்துக்கொண்டு போகும் கேள்விகள் வேறு: அங்கே என்னதான் நடக்கும், ஜோடி இல்லாமல் போனால் சிரிப்பார்களா, அப்பாவிடம் எப்படிச் சொல்வது, இவ்வளவு காசு எதற்கு. தனித்தனியாகச் சொல்ல நேரம் போதாததால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

படத்தில் பார்த்த புரோமை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். பையன் கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்பான், பெண்ணின் மணிக்கட்டில் பூ கட்டுவான், மண்டபத்தின் நடுவில் இருவரும் மெதுவாக ஆடுவார்கள். அது அமெரிக்க வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கல்லூரிகளில் தொடங்கி, பிறகு உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. 1975 மே 31ஆம் நாள் ஒரு பள்ளியின் புரோம் வெள்ளை மாளிகையிலேயே நடந்தது; அன்றைய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மகள் சூசன் அந்தப் பள்ளியின் மாணவி. 2008இல் வந்த ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல் 3’ போன்ற படங்களைப் பார்த்து வளர்ந்த அக்கா அண்ணன்மார் அந்த ஆசையை இங்கேயும் கொண்டுவந்தார்கள். நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் ஆசிரியர்கள் கூடவே இருக்கும் ஒரு விருந்தாக மாறிவிட்டது. ஜோடியாக வரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. மண்டபத்துக்குள் நுழைகிறவர்களில் மிகப் பலர் தோழிகள் நால்வராகவோ நண்பர்கள் ஐவராகவோதான் வருகிறார்கள். தனியாக வருபவர்களும் உண்டு. வாசலில் யாரும் கணக்கெடுப்பதில்லை.

நடப்பது ஏறக்குறைய இப்படித்தான். மலாக்கா நகரத்து ஹோட்டல் ஒன்றிலோ பள்ளி மண்டபத்திலோ மாலை ஆறரைக்கு மேல் பெயர் பதிவார்கள். வாசலருகே படம் எடுக்க ஓர் அலங்காரத் தட்டி இருக்கும். அங்கே வரிசை நீளும், முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். மலாய் நண்பர்கள் மஃரிப் தொழுதுவிட்டு வரவேண்டும் என்பதால் ஏழரைக்கு முன்னால் பெரிதாக எதுவும் தொடங்காது. பிறகு துவா, முதல்வர் உரை, சாப்பாடு. சாப்பிடும்போதே மேடையில் பாட்டும் குழு நடனமும். முதலாம் படிவத்திலிருந்து எடுத்த படங்களைக் கோத்து ஒரு காணொளி போடுவார்கள். கண்மை கரையும் இடம் அது, கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். சிறந்த உடை, புரோம் ராஜா, ராணி, அதிர்ஷ்டக் குலுக்கு. பத்தரை பதினொன்றுக்குள் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

ஆடவேண்டுமா என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நம் பள்ளிகள் பலவற்றில் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஆடும் அங்கமே கிடையாது. இருந்தாலும் உட்கார்ந்திருக்கலாம். ஆட ஆசைப்படுகிறவர்கள் கூட்டமாக ஆடுங்கள். இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. ஊஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பின் பிரான்யோ நடனமும் அதிலிருந்து கிளைத்த ஜோகேட்டும் மலாக்காவில் எத்தனையோ தலைமுறைக் கல்யாணங்களில் ஆடப்பட்டவை. ஜோகேட்டில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே ஆடுவார்கள், கையைத் தொடமாட்டார்கள். அதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்குக் குறைவொன்றும் இல்லை.

இனி நான் இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அது மேசை.

மண்டபத்தில் வட்ட மேசைக்குப் பத்துப் பேர். ஓரமாக நின்று பார்க்கிறபோது என் கண்ணில் படுவது ஒன்றுதான்: இந்தியப் பிள்ளைகள் ஒரு மூலையில் இரண்டு மூன்று மேசை, சீனப் பிள்ளைகள் இன்னொரு பக்கம், மலாய்ப் பிள்ளைகள் நடுவில். உடைக்கு அத்தனை நாள் யோசித்த பிள்ளைகள் இதற்கு ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். யாரும் யாரையும் பிரிக்கவில்லை. பழக்கம் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுகிறது.

வேண்டுமென்றே பிரித்து வைத்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் 1970 முதல் ஒரே பள்ளியில்தான் படித்தார்கள். புரோம் மட்டும் இரண்டு. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. அந்த ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்த நடிகர் மோர்கன் ஃப்ரீமன், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கொண்டாடுவதாக இருந்தால் செலவு என்னுடையது என்று 1997இல் முன்வந்தார். ஊர் கண்டுகொள்ளவில்லை. 2008இல் மறுபடியும் கேட்டார். அந்த ஆண்டுதான் ஒரே மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். அப்போதும் சில வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொன்றை நடத்தினார்கள். பால் சால்ட்ஸ்மேன் இதை ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். ஜார்ஜியா மாநிலத்தின் வில்காக்ஸ் வட்டாரத்தில் இதைவிடத் தாமதம். அங்கே 2013இல் இரண்டு கறுப்பின மாணவிகளும் இரண்டு வெள்ளையின மாணவிகளும் தோழிகளாகச் சேர்ந்து, தாங்களே பணம் திரட்டி, எல்லாருக்குமான முதல் புரோமை நடத்திக் காட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பள்ளியே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954இல். தீர்ப்பு வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, பதினேழு பதினெட்டு வயதுப் பெண்கள்தாம் அந்த ஊரில் முதலடி எடுத்துவைத்தார்கள்.

நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நமக்கு ஒரே மண்டபம், ஒரே டிக்கெட். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், உங்களுக்கு இது எளிது.

உங்களில் பலர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து, வயதில் மூத்தவர்களாக முதலாம் படிவத்துக்குள் நுழைந்தவர்கள். மலாயில் பேசத் தடுமாறிய அந்த நாள்களில் சிற்றுண்டிச் சாலையில் இடம் நகர்ந்து கொடுத்த ஒரு பெண் இருப்பாள். கணக்குப் பாடத்தைக் கடைசி நேரத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு பையன் இருப்பான். முன் வகுப்பு, பின் வகுப்பு என்று பிரிந்தபோது விட்டுப்போன தோழமை இருக்கும். அஞ்சல் ஓட்டத்தில் உங்களிடமிருந்து கோலை வாங்கி ஓடியவர்கள் இருப்பார்கள். இவர்களெல்லாம் அடுத்த ஆண்டு எங்கே? ஒருவர் லோண்டாங் மெட்ரிகுலேசன் கல்லூரியில். ஒருவர் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில். ஒருவர் ஆறாம் படிவத்தில். பத்து பெரண்டம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர் உண்டு, சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறுகிறவர் உண்டு. நம் ஊரிலேயே இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் என்றாவது போய்ச் சேர்ந்தாலும் இதே முகங்கள் அங்கே இருக்கப்போவதில்லை. பிறகு நம் வாழ்க்கை நம் கோயில், நம் கல்யாணம், நம் வாட்ஸ்அப் குழு என்று சுருங்கிக்கொண்டே போவதை என் வயதுக்காரர்களிடம் பார்க்கிறேன். மற்ற இனத்து நண்பர் ஒருவர்கூட வீட்டுக்கு வந்து போகாத குடும்பங்கள் இந்த ஊரிலேயே இருக்கின்றன, அவர்களும் ஒரு காலத்தில் உங்களைப் போல ஒரே வகுப்பில் படித்தவர்கள்தாம்.

ஆகவே ஒரு மேசைக்குப் பத்து நாற்காலி என்றால் பத்தும் ஒரே முகமாக இருக்கவேண்டாம். நெருங்கிய தோழி பக்கத்தில் இருக்கட்டும், அது உங்கள் உரிமை. மீதி நாற்காலிகளுக்கு ஆள் நீங்கள் கேளுங்கள். எதிர்ப்பக்கமும் கேட்கத் தயங்கிக்கொண்டுதான் இருக்கும். கலந்து உட்கார்ந்தால் பேச்சு மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் போகும். தமிழில் அடிக்கும் அரட்டை கொஞ்சம் குறையும். ஓர் இரவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அரட்டை மறுநாளும் கிடைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தை ஏற்பாட்டுக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரோம் நடக்கும் காலம் பெரும்பாலும் கார்த்திகை மார்கழியாக இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பீர்கள், தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கியவர்களும் இருக்கலாம். மாட்டிறைச்சி எது, ஆட்டிறைச்சி எது என்று தட்டின் முன்னால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாலையோடு போகத் தயங்கி ஒரு தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டதாக அவன் அம்மா சொன்னார். அவன் மேசைக்கு நாலு சைவத் தட்டு கேட்டிருந்தால் போதும், முடிந்திருக்கும் விஷயம்.

பணத்தைப் பற்றி. 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. டிக்கெட் 100, வாடகை கவுன் 150, ஒப்பனை 100, போக்குவரத்து 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 390. தொழிற்சாலையிலோ துப்புரவு வேலையிலோ நிற்கும் ஓர் அம்மாவின் ஆறு நாள் உழைப்பு அது. நான் போகாதே என்று சொல்லவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுங்கள், மற்ற மூன்றையும் குறைக்க முடியும் என்கிறேன்.

தீபாவளிக்கு எடுத்த உடை அலமாரியில் இருக்கிறது. எஸ்பிஎம் பரபரப்பில் அதைக் காலையில் போட்டுவிட்டு மாலையில் மடித்து வைத்திருப்பீர்கள். அதைப் போடுங்கள். அம்மாவின் பட்டு இருந்தால் இன்னும் நல்லது. ரவிக்கை சேராது என்று கவலைப்படவேண்டாம். பழைய தையல்காரர்கள் உள்பக்கம் துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள், பக்கத் தையலைப் பிரித்தால் ஓர் அங்குலம், சிலவற்றில் இரண்டு அங்குலம்கூடக் கிடைக்கும். உடம்பு மெலிந்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது அதைவிட எளிது. தம்பிகளுக்குப் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் கோட்டுக் கிடைக்கும். வாங்கும்போது தோள் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். கை நீளத்தையும் இடுப்பையும் நான் சரி செய்துவிடுவேன், தோளைச் சரி செய்வது பெரிய வேலை. ஜிப்பாவும் வேட்டியும் கட்டிப் போகிறவர்களை வாசலில் யாரும் தடுக்கப்போவதில்லை. உடை விதி என்னவென்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். புதுச் செருப்பை அன்றைக்கே முதன்முதலாகப் போடாதீர்கள், ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். சேலை கட்டிப் பழக்கமில்லாத தங்கைகள் முந்தானையை மடித்து ஊசி குத்திக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள்.

ஒப்பனை செய்துகொள்ளும் தங்கைகளுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். உங்கள் நிறத்தைவிட வெளுப்பான பூச்சைப் பூச யாரையும் விடாதீர்கள். தாடையில் கொஞ்சம் தடவி, கழுத்து நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வெளுப்பான பூச்சு மண்டபத்து விளக்கில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். கேமரா வெளிச்சம் பட்டதும் முகம் சாம்பல் பூத்துப்போகும். அது ஒப்பனைக் கணக்கு. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடமாக உங்களில் சிலரை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்திருப்பார்கள். நம் வீடுகளிலும் செய்திருப்போம். அந்தக் கேலிக்கு மருந்தாக முகத்தை வெளுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் அழகான பிள்ளைகள். ஆண்டுக்கணக்கில் உங்களுக்கு அளவெடுத்து, கண்ணாடி முன் நிறுத்திப் பார்த்த நான் சொல்கிறேன்.

யாராவது பூங்கொத்தோடு வந்து, நாலு பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, “என்னோடு புரோமுக்கு வருவாயா” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கூட்டம் பார்க்கிறதே என்று தலையாட்டவேண்டாம். தம்பிகளே, கேட்க ஆசையிருந்தால் தனியாகக் கேளுங்கள், மறுத்தால் அத்தோடு விடுங்கள். படம் எடுத்தவர்கள் டிக்டாக்கில் போடுமுன் படத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில வீடுகளில் ஒரு படத்தால் பெரிய சண்டை வரும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? மறைக்காமல், சீக்கிரமாக. பள்ளி கொடுத்த கடிதத்தை அப்பாவின் கையில் கொடுங்கள். எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடக்கம், எப்போது முடிவு, பொறுப்பாசிரியர் யார், அவர் எண் என்ன, யார் காரில் திரும்புவது, இந்த விவரங்களை எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இதைப் படிக்கும் பெற்றோரே, மகனுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு மகளிடம் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்பதை நானும் என் வீட்டில் கண்டு வளர்ந்தவள்தான். கேள்வியை இருவரிடமும் கேளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வண்டி பேசி, அண்ணனோ மாமாவோ போய் அழைத்து வரட்டும். மண்டபம் மலாக்காவில் என்றால் பத்தரை மணிக்கு மேல் பேருந்தை நம்பமுடியாது. கிராப்பும் டுரியான் துங்கால் என்றால் யோசிக்கும்.

மோட்டார் சைக்கிளில் வேண்டாம். புரோம் நடக்கும் மாதங்களில் மாலை மழை நிச்சயம் போலப் பெய்யும், எஸ்பிஏ நெடுஞ்சாலையில் லாரிகள் வேகமாகப் போகும். சேலை முந்தானையோ தாவணியோ பின் சக்கரத்தில் சிக்கினால் ஒரு நொடிதான். இதை நான் எந்தப் பிள்ளைக்கும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். போகும் வழியில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், வண்டி ஏற்பாடு செய்யலாம்.

புரோம் முடிந்த பிறகு சிலர் வேறெங்காவது போகலாம் என்பார்கள். மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்பது வேறு, யாரோ எடுத்த ஹோட்டல் அறை வேறு. 2017 டிசம்பர் முதல் இந்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக்கூடாது. 2024 அக்டோபர் முதல் 18 வயதுக்குக் கீழே சிகரெட்டும் வேப்பும் சட்டப்படி கூடாது. தெரிந்த அண்ணன் வாங்கித் தருகிறான் என்றாலும் சிக்குவது நீங்கள். சாப்பாட்டு மேசையிலும் வேறு இடத்திலும் உங்கள் கோப்பையை விட்டுப் போனால் திரும்பி வந்து அதையே எடுத்துக் குடிக்காதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மனம் ஒப்பாத இடத்திலிருந்து எந்த நேரத்திலும் வீட்டுக்குப் போன் போடலாம். திட்டு மறுநாள் விழட்டும்.

கடைசியாக, பணம் கட்டாதவர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். “எனக்கு அதிலெல்லாம் இஷ்டமில்லை” என்பார்கள். சிலருக்கு உண்மையிலேயே இஷ்டமிருக்காது, அவர்களை விட்டுவிடுங்கள். மற்றவர்களின் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்; ஆசிரியரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வகுப்பு நிதியில் மிச்சம் இருந்தால் அதிலிருந்தும், இல்லாவிட்டால் ஆளுக்கு ஐந்து பத்து வெள்ளி போட்டும் ஒரு டிக்கெட் எடுக்கலாம். பொறுப்பாசிரியரிடம் கொடுத்து அவர் வழியாகப் போகட்டும், யார் கொடுத்தது என்று தெரியவேண்டாம். உடைக்கு என் கடைக்கு அனுப்புங்கள், கூலி கேட்கமாட்டேன்.

மேசைப் பட்டியல் டிக்கெட் பணம் வாங்கும்போதே எழுதப்பட்டுவிடும். மண்டபத்துக்குப் போய் நாற்காலி மாற்றுவது நடக்காத காரியம். அதனால் பத்துப் பேரின் பெயரையும் இந்த வாரமே பேசி முடிவு செய்து, அந்த இரண்டு மூன்று பேரையும் கேட்டுச் சேர்த்து, ஒரே தாளில் எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தையல்கடை அக்கா
டுரியான் துங்கால்